பக்கவாதத்துக்குப் போடும் "கட்டி கரைக்கும் ஊசி": வாசலில் நின்று கேட்கும் கேள்விகள்

அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பக்கவாதம் வந்தவரை உள்ளே கொண்டுபோனதும் வெளியே நிற்கும் வீட்டார் கேட்கும் கேள்விகள் அனேகமாக ஒன்றேதான், ஆள்தான் மாறுவார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் நின்று விளக்க நேரம் இருப்பதில்லை, கேட்பவருக்கும் காதில் ஏறுவதில்லை. அதனால் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே படித்து வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு எது சரி என்பதைப் பக்கத்தில் இருக்கும் டாக்டர்தான் சொல்ல முடியும்.

ஸ்ட்ரோக் வந்தா ஒரு ஊசி போட்டா சரியாயிடும்ங்கறாங்களே, அது என்ன ஊசி?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் அதைக் கரைக்கப் போடும் மருந்து. ஆல்டெப்ளேஸ், டெனெக்டெப்ளேஸ் என்று இரண்டு பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். நம் ரத்தக்குழாயின் உட்சுவரே கட்டியைக் கரைக்க ஒரு புரதத்தைச் சுரக்கிறது, ஆனால் பெரிய அடைப்புக்கு அது போதாது. அதே புரதத்தை மரபணு நுட்பத்தில் தயாரித்ததுதான் ஆல்டெப்ளேஸ். அது கட்டியில் ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்மினோஜென் என்ற பொருளை பிளாஸ்மினாக மாற்றும், அந்த பிளாஸ்மின் கட்டியைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை அறுக்கும்.

முதலில் மாரடைப்புக்குத்தான் இது வந்தது, 1987இல். மூளைக்கும் பயன்படும் என்று அமெரிக்காவில் 624 பேரை வைத்து நடந்த ஆய்வு 1995 டிசம்பரில் வெளியானது, மறு வருடமே அங்கே அனுமதி கிடைத்தது. "போட்டால் சரியாகிவிடும்" என்று மட்டும் நினைத்துக்கொண்டு வராதீர்கள். சரியாகும் வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான். எவ்வளவு கூட்டும் என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

எல்லா பக்கவாதத்துக்கும் இதைப் போடலாமா?

கூடாது. பக்கவாதம் இரண்டு விதம். குழாய் அடைத்து வருவது ஒன்று, குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்து வருவது இன்னொன்று. அடைப்புதான் அதிகம், ஆனால் கசிவும் நம் ஊரில் குறைவில்லை. கசிந்துகொண்டிருப்பவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. இரண்டிலும் கை விழும், வாய் கோணும், பேச்சு குழறும். எவ்வளவு அனுபவம் உள்ள டாக்டராக இருந்தாலும் சிடி ஸ்கேன் பார்க்காமல் இந்த ஊசியைத் தொட மாட்டார். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் தானாகவே புரியும்.

நாலரை மணி நேரம் டைம் இருக்குல்ல? சாப்பிட்டு, பணம் புரட்டிக்கிட்டு நிதானமா போனா போதாதா?

நாலரை மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. வாய்க்கால் அடைபட்டால் வயல் முழுக்க ஒரே நேரத்தில் காய்வதில்லை. நடுப்பகுதி உடனே போய்விடும், ஓரப் பயிர் பக்கத்து வயலிலிருந்து கசியும் ஈரத்தில் கொஞ்ச நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூளையிலும் அப்படித்தான், அடைப்புக்கு நேரே உள்ள பகுதி சில நிமிடங்களில் செத்துவிடும், சுற்றியிருப்பது மயங்கிக் கிடக்கும் ஆனால் இன்னும் சாகவில்லை. ஊசி காப்பாற்றுவது அந்தச் சுற்றுப்பகுதியை. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு கணக்குப் போட்டார்கள்.

கணக்கை இன்னும் நேராகவே சொல்கிறேன். 9 ஆய்வுகளில் இருந்த 6,756 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2014இல் பார்த்தார்கள். 3 மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 33 பேர் ஊனம் இல்லாமலோ அல்லது கிட்டத்தட்ட இல்லாமலோ தேறினார்கள், போடாதவர்களில் 23 பேர். 3 முதல் நாலரை மணிக்குள் போட்டவர்களில் அந்த வித்தியாசம் 35க்கு 30 என்று சுருங்கிவிட்டது. அதாவது சீக்கிரம் வந்தால் பத்துப் பேரில் ஒருவர் கூடுதலாகத் தன் காலில் நிற்கிறார், தாமதித்தால் இருபதில் ஒருவர்தான். பணம் புரட்டுவதை ஒருவர் பார்க்கட்டும், நோயாளி வண்டியில் ஏறட்டும்.

அந்த நேரத்தை எப்போலேர்ந்து கணக்குப் பண்றது? நாங்க பார்த்தப்போலேர்ந்தா?

இல்லை, இங்கேதான் நிறையக் குழப்பம். நீங்கள் பார்த்த நேரம் கணக்கில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்தது உறுதியாகத் தெரிந்த நேரம்தான் கணக்கு. மதியம் 2 மணிக்கு மகளிடம் போனில் சரளமாகப் பேசினார், 4 மணிக்குப் பக்கத்து வீட்டம்மா போய்ப் பார்த்தபோது கீழே விழுந்து கிடந்தார் என்றால் மணி 2இலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது.

உள்ளே வந்ததும் நாங்கள் முதலில் கேட்பதும் இதைத்தான், "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" "காலையிலேர்ந்து ஒரு மாதிரியாத்தான் இருந்தார்", "சாயங்காலம் போல" என்று பதில் வந்தால் டாக்டரால் முடிவெடுக்க முடியாமல் போகும். அதனால் ஆளைத் தூக்குவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள், கூட இருந்தவர் யாரோ அவரே ஆஸ்பத்திரிக்கு வரட்டும், வர முடியாவிட்டால் அவருடைய போன் நம்பரைக் கையில் வைத்திருங்கள். போனில் கடைசியாகப் பேசிய அழைப்பின் நேரம், கடையில் பணம் கட்டிய மெசேஜ், எட்டு மணிச் செய்தி ஓடும்போது நன்றாக உட்கார்ந்திருந்தார் என்ற ஞாபகம், இதெல்லாமே எங்களுக்கு உதவும்.

காலைல எழுந்திருக்கும்போதே கை வரலை. எப்போ வந்துச்சுன்னே தெரியாதே, அப்போ ஊசி கிடையாதா?

முன்பு கிடையாது என்றே சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் மேலே சொன்ன கணக்குப்படி இரவு தூங்கப்போன நேரத்திலிருந்து எண்ண வேண்டும். 2018இல் வந்த ஒரு ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. எம்ஆர்ஐயில் இரண்டு வகைப் படங்கள் எடுப்பார்கள். ஒன்றில் பாதிப்பு சில நிமிடங்களிலேயே தெரியும், இன்னொன்றில் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். முதல் படத்தில் பாதிப்பு தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், வந்து அதிக நேரம் ஆகவில்லை என்று பொருள், ஊசி போடலாம்.

இது எல்லா ஊரிலும் நடப்பதில்லை, அவசரத்துக்கு எம்ஆர்ஐ எடுக்க வசதி வேண்டும். ஆனாலும் "தூக்கத்துல வந்தது, இனி அவசரம் இல்லை" என்று வீட்டிலேயே முடிவு செய்து மெதுவாக வராதீர்கள். நடுவில் பாத்ரூம் போக எழுந்தாரா, அப்போது நன்றாக நடந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். நாலு மணிக்கு எழுந்து நடந்தவர் ஆறு மணிக்கு விழுந்தால் அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஸ்ட்ரோக்தான்னு வீட்ல எப்படித் தெரிஞ்சுக்கறது?

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா பாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா, வேறு ஏதோ சொல்கிறாரா, நீங்கள் சொல்வதே அவருக்குப் புரியவில்லையா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று திடீரென்று வந்திருந்தாலும் போதும், கிளம்பிவிடுங்கள். திடீரென்று ஒரு கண்ணோ ஒரு பக்கப் பார்வையோ போவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது, இதுவரை இல்லாத பயங்கரத் தலைவலி, இவையும் சேரும்.

"வலி இல்லையே, வலி இருந்தா வந்திருப்போமே" என்று அடிக்கடி கேட்கிறேன். அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. மாரடைப்பு மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்க மாட்டார்கள். வலது பக்க மூளை அடிபட்டால் சிலருக்குத் தன் இடது கை வேலை செய்யவில்லை என்பதே தெரியாது, "எனக்கு ஒண்ணுமில்லை, படுத்தா சரியாயிடும்" என்பார்கள். அவர் பேச்சைக் கேட்டுப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

முதல்ல நம்ம டாக்டர்கிட்ட காட்டிட்டு, அவர் எழுதிக் கொடுத்தா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

நேரம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தெருமுனை கிளினிக்கில் வரிசை, ஒரு ஊசி, "பிரஷர் அதிகமா இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு சீட்டு, அடுத்து ஒரு நர்ஸிங் ஹோம், அங்கே ஸ்கேன் இல்லை, மூன்றாவதாக எங்களிடம் வருவார்கள். ஒவ்வொருவரும் நல்ல மனதோடுதான் பார்த்திருப்பார்கள். ஆனால் வந்து சேரும்போது ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும்.

இருபத்து நாலு மணி நேரமும் சிடி ஸ்கேன் எடுக்கும், இந்த ஊசியைப் போடும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். உங்கள் ஊரில் அது எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள், போன் போட்டுக் கேட்டால் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. அழைக்கும்போது "மயக்கம்" என்று சொல்லாமல் "பக்கவாதம் மாதிரி இருக்கு, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது" என்று சொல்லுங்கள், அதற்கேற்ற இடத்துக்குக் கொண்டுபோவார்கள். பழைய மருந்துச் சீட்டும், தினமும் போடும் மாத்திரை அட்டைகளும் மறக்காமல் கூட வர வேண்டும்.

போறதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா?

எதுவும் வேண்டாம். ஆஸ்பிரின் மாரடைப்புக்குக் கொடுப்பது, அதனால் இதற்கும் என்று நினைக்கிறார்கள். ஆனால் கசிவாக இருந்தால் அது கெடுதல் (கசிவா அடைப்பா என்று வீட்டில் தெரியாது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்). பிரஷரும் அப்படித்தான், அடைபட்ட மூளைக்குக் கொஞ்சமாவது ரத்தம் போகட்டும் என்று உடம்பே பிரஷரை ஏற்றி வைத்திருக்கும். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்துச் சடாரென்று இறக்கினால் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த பகுதியும் போய்விடும்.

தண்ணீர், காபி, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் விழுந்திருந்தால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். சுகர் நோயாளி என்றால், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள், தாழ்சர்க்கரையும் பக்கவாதம் மாதிரியே வரும்.

விரல் நுனியில ஊசியால குத்தி ரத்தம் எடுத்தா சரியாகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே? புறா ரத்தம் தடவச் சொன்னாங்க...

இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. அடைப்பு மூளைக்குள் இருக்கிறது, விரல் நுனியில் சொட்டும் ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தோலில் தடவும் ரத்தமும் எண்ணெயும் அங்கே போகாது. எனக்கு இதில் கோபம் வருவது அந்த நேரம் வீணாவதால்தான். பத்துப் பேர் சுற்றி நின்று பத்து விரலையும் குத்திக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் பாதித் தூரம் போயிருக்கும். அந்தச் செய்தி உங்கள் குடும்ப குரூப்பில் வந்தால் தயவுசெய்து அங்கேயே மறுத்து எழுதுங்கள்.

ஸ்கேன் நார்மல்னு சொல்றாங்க. நார்மல்னா ஏன் இவ்ளோ ஆபத்தான ஊசி போடணும்?

நியாயமான சந்தேகம். சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பால் வந்த பாதிப்பு முதல் சில மணி நேரம் பெரும்பாலும் தெரியாது. ஆகவே கை கால் வராத ஒருவருக்கு "ஸ்கேன் நார்மல்" என்றால் நோயே இல்லை என்று அர்த்தம் இல்லை, கசிவு இல்லை, மூளை இன்னும் பெரிதாகச் சாகவில்லை என்று அர்த்தம். ஊசிக்கு ஏற்ற நேரமே அதுதான். ஸ்கேனில் பெரிய பகுதி கறுத்துப்போய்த் தெரிந்தால்தான் தாமதமாகிவிட்டது.

கையெழுத்து கேட்கறாங்க, மூளையில ரத்தம் கசியலாம்ங்கறாங்க. போட்டு ஏதாவது ஆயிட்டா நாங்கதானே பொறுப்பு?

இந்தக் கேள்விக்குத்தான் மற்றவற்றைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ள நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே குடும்பங்கள் உடைந்துபோய் நிற்பதைப் பார்க்கிறேன். ஆபத்து உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. நான் முதலில் சொன்ன 1995 ஆய்வில், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 6.4 பேருக்கு நிலைமை மோசமாகும்படி மூளையில் கசிந்தது. போடாதவர்களில் அது 0.6. ஆனால் அதே ஆய்வில் மூன்று மாதம் கழித்து இறந்திருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 17 சதவீதம், போடாதவர்களில் 21 சதவீதம். கசிவையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகும் ஊனமில்லாமல் தேறியவர்கள் ஊசி போட்ட பக்கத்தில்தான் அதிகம்.

போடாமல் விட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பதுதான் தவறு. போடாமல் விடுவதும் ஒரு முடிவு, அதற்கும் விலை உண்டு, படுக்கையும் பேச்சிழப்பும் அந்தப் பக்கத்தில் காத்திருக்கின்றன. கையெழுத்து என்பது ஆபத்தைச் சொன்னார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டோம் என்பதற்கு. நாளைக்கு யார் மேல் பழி என்று தீர்மானிப்பதற்கு அல்ல. அடைப்புப் பெரிதாக இருந்தால் ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் சிலருக்கு மோசமாகும், அதற்குக் கையெழுத்துப் போட்ட மகனோ மருமகளோ காரணம் இல்லை.

"அண்ணன் துபாய்ல இருக்கார், கேட்டுட்டுச் சொல்றோம்", "சித்தப்பா வந்துக்கிட்டே இருக்கார்" என்று போகும் இருபது நிமிடம் திரும்பி வராது. அண்ணனுக்குப் போன் போடுங்கள், ஸ்கேன் எடுக்கும்போதே போடுங்கள், வேண்டுமானால் டாக்டரிடம் நேராகவே பேசவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் முடிவெடுக்க அவர்களும் சம்மதிக்கட்டும்.

யார் யாருக்கு இந்த ஊசி போட மாட்டாங்க?

மூளையில் கசிவு இப்போது இருப்பவர், முன்பு எப்போதாவது வந்திருந்தவர், கடந்த மூன்று மாதத்தில் தலையில் பலத்த அடிபட்டவர் அல்லது இன்னொரு பக்கவாதம் வந்தவர், சமீபத்தில் பெரிய ஆபரேஷன் ஆனவர், வயிற்றில் குடலில் ரத்தப்போக்கு இருந்தவர், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இருப்பவர். டெங்கு காலத்தில் பிளேட்லெட்டை மறக்காமல் பார்ப்போம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுபவர்களிடம் கவனம் வேண்டும். வார்ஃபரின் போட்டால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) 1.7க்குள் இருக்க வேண்டும், டாபிகாட்ரான், அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான் வகை என்றால் கடைசி மாத்திரை எப்போது என்பது முக்கியம், 48 மணி நேரத்துக்குள் போட்டிருந்தால் பொதுவாக ஊசி போட மாட்டார்கள். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் தினமும் போடுவது தடையில்லை. மாதவிடாய் நேரம் என்பதும் பொதுவாகத் தடையில்லை, பெண்கள் சொல்லக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், போக்கு கொஞ்சம் அதிகமாகலாம் என்று நாங்கள் தயாராக இருப்போம்.

மாமியாருக்கு 82 வயசு. இந்த வயசுல போய் எதுக்குன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

வயது மட்டும் தடையில்லை. மேலே சொன்ன 2014 தொகுப்பில் 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் பலன் இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி வேறு, நேற்று வரை எப்படி இருந்தார்? தானே குளித்து, சாப்பிட்டு, கோயிலுக்குப் போய்வந்தவர் என்றால் அந்த வாழ்க்கையைத் திரும்பக் கொடுக்கப் பார்ப்பதில் வயதைச் சொல்லித் தட்டிக்கழிக்க ஒன்றும் இல்லை.

பிரஷர் 210 இருக்குன்னு ஊசி போடாம நிறுத்தி வெச்சிருக்காங்க. ஏன், மாத்திரை கொடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

வீட்டில் கொடுக்கக் கூடாது என்றேன், அங்கே அளந்து இறக்க முடியாது. இங்கே ஊசி போட 185க்கு 110க்குள் பிரஷர் வர வேண்டும், இல்லையென்றால் கசிவு அபாயம் கூடும். லாபெடலால் போன்ற மருந்தை ரத்தக்குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து இறக்குவோம். இறங்கியதும் ஊசி. பிறகு 24 மணி நேரத்துக்கு 180க்கு 105ஐத் தாண்டவிட மாட்டோம்.

ஆல்டெப்ளேஸ், டெனெக்டெப்ளேஸ் ரெண்டுல எது நல்லது? விலை கம்மியா இருக்கறது மட்டமா?

இல்லை. ஆல்டெப்ளேஸ் ரத்தத்தில் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கும், அதனால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் கணக்கில் (90க்கு மேல் போகாமல்) பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டு மீதியை ஒரு மணி நேரம் பம்ப்பில் ஓடவிட வேண்டும். டெனெக்டெப்ளேஸ் அதே புரதத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது, கூடுதல் நேரம் நிற்கும், ஒரே தடவையில் சில விநாடிகளில் போட்டு முடித்துவிடலாம். கனடாவில் 1,577 பேரை வைத்து 2022இல் வந்த ஆய்வில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் டெனெக்டெப்ளேஸ் ஆல்டெப்ளேஸுக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. அமெரிக்காவிலும் 2025இல் பக்கவாதத்துக்கு அனுமதித்துவிட்டார்கள்.

இந்தியாவில் டெனெக்டெப்ளேஸ் உள்நாட்டிலேயே தயாராகிறது, விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் காரணம். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாற்ற வேண்டிய நோயாளிக்கு இது பெரிய வசதி, பம்ப்போடு ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதில்லை.

ஹார்ட் அட்டாக்குக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டாங்களே, அதையே போட்டா என்ன?

கூடாது. 1990களில் பக்கவாதத்துக்கு அதைப் போட்டுப் பார்த்த ஆய்வுகளில் கசிவும் இறப்பும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

உள்ள கொண்டுபோய் அப்படி என்னதான் பண்றீங்க, யாரையும் விட மாட்டேங்கறீங்க?

முதலில் விரலில் சுகர், பிறகு இரண்டு கையிலும் ஊசிக்கான வழி, ரத்தம் எடுப்பது, எடை. எடை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மருந்தளவு அதை வைத்துத்தான். "என்ன வெயிட் இருப்பார்?" என்று அவசரமாக உங்களைக் கேட்பதும் இதனால்தான். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி, காலைத் தூக்கச் சொல்லி, படம் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லி மார்க் போடுவார், 0 என்றால் ஒன்றுமில்லை, அதிகபட்சம் 42.

மருந்து குப்பியில் பொடியாக இருக்கும். கூடவே வரும் தண்ணீரை விட்டுக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்ற வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். வெளியில் நிற்பவருக்கு "பாட்டிலை வெச்சுக்கிட்டுச் சும்மா நிக்கறாங்களே" என்று தோன்றும், அந்த நுரை அடங்கத்தான் நிற்கிறோம். ஊசி ஆரம்பித்ததும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர், கை கால் அசைவு, பேச்சு, இரண்டு மணி நேரத்துக்கு. அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை ஆறு மணி நேரம், பிறகு மறுநாள் வரை மணிக்கு ஒருமுறை. திடீர்த் தலைவலி, வாந்தி, தூங்கி வழிவது, இருந்த அசைவும் போவது, இதில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்கேனுக்கு ஓடுவோம். ஈறில் லேசாக ரத்தம், ஊசி குத்திய இடத்தில் நீலம் பாய்வது சகஜம், பயப்பட வேண்டாம். உதடும் நாக்கும் வீங்கத் தொடங்கினால் உடனே கூப்பிடுங்கள், எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்கு இது கொஞ்சம் அதிகம் வரும்.

ஊசி போட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு, கை அசையவே இல்ல. காசெல்லாம் வீணா?

சிலருக்கு ஊசி ஓடும்போதே விரல் அசையும், பார்க்க மனம் நிறையும். ஆனால் அது எல்லோருக்கும் நடப்பதில்லை. பலன் கணக்கெல்லாம் மூன்று மாதம் கழித்துப் பார்த்தது, நான் கொடுத்த எண்களும் அப்படித்தான். முதல் நாளில் அசையாத கை, பிஸியோதெரபியோடு சில வாரத்தில் டம்ளர் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டி கரையாமலே போவதும் உண்டு. அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

தொடை வழியா குழாய் விட்டு கட்டியை எடுக்கலாம்ங்கறாங்க. அப்போ ஊசியே வேண்டாம்ல?

பெரிய ரத்தக்குழாயில் நீளமான கட்டி இருந்தால் ஊசி மட்டும் அதைக் கரைப்பது கஷ்டம். அப்படிப்பட்டவர்களுக்கு மெல்லிய குழாயை உள்ளே செலுத்திக் கட்டியையே இழுத்து எடுப்பது நல்ல பலன் தருகிறது என்று 2015இல் அடுத்தடுத்து ஐந்து ஆய்வுகள் காட்டின. 6 மணி நேரம் வரை, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் நேரத்துக்குள் வந்து, தடையும் இல்லாதவருக்கு ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான் வழக்கம். ஊசியைப் போட்டுவிட்டே அடுத்ததற்குக் கொண்டுபோவார்கள், அந்த வசதி இருக்கும் ஊர்கள் குறைவு என்பதால் பயணத்திலும் நேரம் போகுமே.

வர்ற வழியிலேயே சரியாயிடுச்சு. திரும்பிப் போயிடலாமா?

போகாதீர்கள். முழுக்கச் சரியாகிவிட்டால் ஊசி தேவையில்லை, ஆனால் அது ஒரு எச்சரிக்கை, அடுத்த இரண்டு நாளில் பெரிதாக வரும் ஆபத்து அதிகம். ஏன் வந்தது என்று அன்றைக்கே பார்க்க வேண்டும், மாத்திரை தொடங்க வேண்டும். லேசான குறை மட்டும் மிச்சம் இருந்தால், அது அவர் வாழ்க்கையை முடக்குமா என்று பார்த்து முடிவெடுப்பார்கள். வாய் லேசாகக் கோணியது மட்டும் என்றால் ஊசிக்குப் பதில் இரண்டு மாத்திரைகள் போதும் என்பார்கள். தையல்காரருக்கு வலது கை விரல்கள் மட்டும் வரவில்லை என்றால் அது லேசானதில்லை, அவர் தொழிலை டாக்டரிடம் சொல்லுங்கள்.

எவ்ளோ செலவாகும்? கையில அவ்ளோ பணம் இல்ல.

தனியாரில் மருந்துக்கு மட்டுமே பல்லாயிரம் ரூபாய் ஆகும், எடைக்கும் மருந்துக்கும் தகுந்தபடி மாறும். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதை இலவசமாகவே போடுகிறார்கள், நியூரோ டாக்டரும் ஸ்கேனும் அங்கேயே இருக்கும். "கவர்ன்மென்ட்ல கவனிக்க மாட்டாங்க" என்று தாண்டிப்போய்த் தனியாரில் முன்பணம் கட்ட முடியாமல் திரும்பி வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. பணம் கஷ்டம் என்றால் முதலிலேயே அங்கே போங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை என்று தேடிக்கொண்டு வீட்டில் நிற்காதீர்கள், பின்னால் யாராவது கொண்டுவரலாம்.

நாங்க வந்தப்போ எட்டு மணி நேரம் ஆயிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?

நிறைய இருக்கிறது. குழாய் வழியாகக் கட்டி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் சிறப்பு ஸ்கேன் பார்த்து நாலரை மணிக்குப் பிறகும் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஊசி போடுகிறார்கள், 2024இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று 24 மணி நேரம் வரையிலும் அப்படிப் பலன் இருந்ததைக் காட்டியது. அதுவும் இல்லை என்றால் ஆஸ்பிரின் தாமதிக்காமல் தொடங்குவார்கள் (ஊசி போட்டவருக்கு 24 மணி நேரம் கழித்து, மறு ஸ்கேன் பார்த்த பிறகுதான்). விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே வாய்வழி உணவு, சுகரும் காய்ச்சலும் ஏறாமல் பார்ப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, சீக்கிரம் பிஸியோ. பக்கவாதத்துக்கென்று தனி வார்டில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலே அதிகம் பேர் பிழைக்கிறார்கள், அதிகம் பேர் நடக்கிறார்கள்.

ஒரு தடவை இந்த ஊசி போட்டவருக்கு மறுபடி ஸ்ட்ரோக் வந்தா திரும்பப் போடலாமா?

போடலாம், மூன்று மாதம் தாண்டியிருந்து மற்ற தடைகள் இல்லை என்றால். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பாக்டீரியாவிலிருந்து வருவதால் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடும், இவை நம் உடம்பின் புரதத்தை ஒத்தவை என்பதால் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. முதல் தடவை கசிவு ஏற்பட்டிருந்தால் பொதுவாகப் போட மாட்டார்கள். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த மருந்து, எந்தத் தேதி, மறு ஸ்கேனில் என்ன இருந்தது என்ற மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதைப் போனில் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேரிடமாவது வைத்திருங்கள்.